துவிச்சக்கர வண்டியில் ஆப்கானிஸ்தான்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாவிலே பேசுவதற்கு நல்லதொரு பொருளைத் தேர்ந்துகொண்டு வரும்படி செயலாளர் எமக்கு எழுதியிருந்தார். நல்ல பொருள் எது என்பதை அவர் எழுதவில்லை. எமக்கு முன் பேசிய அறிஞர்கள் இலக்கியத்தையும் மெய்யியலையும் எடுத்துக்கொண்டு விட்டார்கள். எஞ்சியது துவிச்சக்கர வண்டி ஒன்றுதான். சிரிக்கிறீர்கள். இம்மண்டபத்தின் வாயிலிலே சுவரோடு சார்த்திக் கிடப்பவற்றை எண்ணிப் பார்த்தால், அந்த வண்டியைப் பற்றி அறியாதவர் இங்கே ஒருவரும் இலர் என்பது தெரியும். ஆகவே வண்டியைப் பற்றி நாம் அதிகம் சொல்லப் போவதில்லை. அதில் ஏறித் தன்னந்தனியே அறியாத் தேசம் ஒன்றினூடாகப் போன ஒரு பெண்ணைப் பற்றியும், அந்தத் தேசத்தைப் பற்றியும் சொல்லப் போகிறோம்.

நாம் படித்தது ஒரு மிஷன் பாடசாலையிலே. அதன் நூல்நிலையத்தின் பின்வரிசையில், முன்னாள் ஆசிரியைமார் விட்டுச் சென்ற ஆங்கிலப் புத்தகங்கள் கரையானுக்கும் எமக்கும் பொதுச் சொத்தாகக் கிடந்தன. அவற்றுள் ஒன்று 'ஃபுல் டில்ட்'. முழுவேகம் என்று பொருள் கொள்ளலாம். எழுதியவர் டேர்வ்லா மர்ஃபி என்னும் ஐரிஷ் பெண்மணி. 1965ஆம் ஆண்டில் இலண்டனில் ஜோன் மறே பதிப்பகத்தார் வெளியிட்டது. பத்தாம் வகுப்புச் சோதனைக்குப் படிக்க வேண்டிய நாட்களில் அதைப் படித்தோம். சோதனைப் பெறுபேற்றை இங்கே சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

மர்ஃபி 1931ஆம் ஆண்டு அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் கோட்டத்திலே லிஸ்மோர் என்ற சிற்றூரிற் பிறந்தவர். தகப்பனார் அக்கோட்டத்து நூலகர். பத்தாவது பிறந்த நாளுக்குச் சிறுமிக்கு இரண்டு பரிசுகள் கிடைத்தன: பழைய சைக்கிள் ஒன்று, தேசப்படப் புத்தகம் ஒன்று. சில நாட்களின் பின் ஊருக்கருகே இருந்த செங்குத்தான மேடொன்றில் மிதித்து ஏறிக்கொண்டிருக்கையில், தன் கால்களைத் தானே பார்த்த அச்சிறுமி, இவை இப்படியே சுழன்றுகொண்டிருந்தால் இந்தியாவுக்குப் போய்ச் சேரலாம் என்று எண்ணினாள். படத்திலே பார்த்தால் அயர்லாந்துக்கும் இந்தியாவுக்கும் நடுவில் கடல் குறைவு, தரை அதிகம். குழந்தையின் கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் அந்த எண்ணம் நிறைவேற இருபத்தொரு ஆண்டு சென்றது. தாயார் மூட்டுவாத நோயினால் நடமாட முடியாதவர். கன்னியர் மடத்துப் பாடசாலையிற் படித்துக்கொண்டிருந்த மகள் பதினான்காவது வயதிலே படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து தாயைப் பார்த்தார். நடுநடுவே சில வாரங்கள் ஐரோப்பாவில் சைக்கிளிற் போய் வந்தார். மற்றப்படி இளமை முழுவதும் ஒரு நோயாளியின் கட்டிலருகே கழிந்தது. 1961இல் தகப்பனார் மறைந்தார். 1962இல் தாயாரும் மறைந்தார். 1963 ஜனவரியிலே, ஐரோப்பா பல ஆண்டுகளாகக் கண்டிராத கடும் பனிக்காலத்தில், முப்பத்தொரு வயதுப் பெண் சைக்கிளில் ஏறிக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டார். வெயில் வரும்வரை பொறுத்திருக்கலாமே என்று எவரும் கேட்பர். இருபத்தொரு ஆண்டு பொறுத்தவரிடம் இன்னும் மூன்று மாதம் பொறு என்று சொல்வது எப்படி?

சைக்கிளுக்கு அவர் வைத்த பெயர் 'ரொஸ்'. டொன் கிஹோட்டே என்னும் ஸ்பானிய வீரன் ஏறிய நோஞ்சான் குதிரை ரொசினாந்தேயின் பெயரைச் சுருக்கியது அது. ஆண்கள் ஓட்டும் ஆம்ஸ்ரோங் கடெற் வண்டி. கியரைக் கழற்றிவிட்டார். ஆசியாவின் கல்லுப் பாதைகளிலே அந்த மென்மையான பொறி நிலைக்காது என்பது அவர் கணிப்பு. எம் ஊரின் சைக்கிள் திருத்துபவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அவ விசயம் தெரிஞ்ச ஆள்" என்று ஒரே சொல்லில் மெச்சினார். மாற்று ரயர்களைப் போகும் வழியிலுள்ள நகரங்களுக்கு முன்னதாகவே அனுப்பி வைத்தார். பையிலே ஒரு சிறு கைத்துப்பாக்கியும் இருந்தது. அது சும்மா இருக்கவில்லை. பனிக்காட்டிலே ஓநாய்களை நோக்கியும், பாரசீகத்திலே வண்டியைப் பறிக்க வந்தவர்களை வெருட்டவும் அது வெடித்தது. பாரசீகத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றிலே அதனினும் பொல்லாத ஆபத்து ஒன்றிலிருந்து தன் கையாலேயே தப்பினார். ஆகவே உலகத்துப் பாதைகள் எல்லாம் பூப்பரப்பியவை என்று அவர் எழுதியதாக ஒருவரும் எண்ண வேண்டாம்.

இனி ஆப்கானிஸ்தானுக்கு வருவோம். அந்த நூலிலே எம்மை நிறுத்தி வைத்த பகுதி அதுவே.

1963ஆம் ஆண்டின் ஆப்கானிஸ்தான் எப்படி இருந்தது என்பதைச் சற்று நினைவிற் கொள்ள வேண்டும். சகீர் ஷா மன்னர் அரசாண்ட காலம். அவருடைய உறவினரும் பிரதமருமான தாவூத் கான் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேதான் பதவி விலகினார். ருஷியரும் அமெரிக்கரும் போட்டியாக அந்நாட்டுக்கு வீதி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தனர். ஹெராத்திலிருந்து கந்தகாருக்கு ருஷியப் பாதை. கந்தகாரிலிருந்து காபூலுக்கு அமெரிக்கப் பாதை. இந்துகுஷ் மலையைக் குடைந்து ருஷியர் அமைத்த சலாங் சுரங்க வழி அடுத்த ஆண்டு, 1964இல் திறக்கப்பட்டது. இப்படிப் பாதைகள் வருவதை எம் பிரயாணி விரும்பவில்லை. மோட்டார் வந்த இடத்திலே மனிதன் கெட்டான் என்பது அவருடைய பிடிவாதம். மருந்துக்கும் பிரசவத்துக்கும் மலையிறங்க வேண்டிய கிராமத்தவரிடம் கேட்டால் வேறுவிதமாகச் சொல்லியிருப்பார்கள் என்று எமக்குப் படுகிறது. எழுதியவரிடம் அன்பு இருக்கிறது என்பதற்காக அவர் எழுதியதெல்லாம் சரி என்று தலையாட்ட வேண்டியதில்லை.

ஆனால் அன்பு உண்மையானது. ஹெராத் நகரத்தின் கடைத்தெரு, மண் சுவர் வீடுகள், தலைப்பாகை கட்டிய நிமிர்ந்த மனிதர்கள், வசந்தகாலத்து மலைச்சாரல் என்று ஒவ்வொன்றிலும் அவர் மனம் பறிகொடுத்தார். ஆப்கான் பித்துப் பிடித்தவள் என்று பொருள்பட ஒரு புதுச் சொல்லையே தமக்கென ஆக்கிக்கொண்டார். இடையிலே பஸ் ஒன்றில் போகையில் உள்ளே எழுந்த ஒரு கலவரத்திலே துப்பாக்கிக் கட்டை இவர் மீது பட்டு மூன்று விலா எலும்புகள் முறிந்தன. அதன் பின்னரும் பித்துத் தெளியவில்லை. இதில் ஒன்றைக் கவனிக்க: சைக்கிளால் வந்த கேடு அன்று, பஸ்சில் ஏறியதால் வந்த கேடு.

சைக்கிளிலே போவதற்கும் வாகனத்திலே போவதற்கும் உள்ள வேறுபாடு வேகம் மாத்திரம் என்று நாம் முன்னர் நினைத்திருந்தோம். அப்படியன்று. வாகனத்துக்குக் கண்ணாடி உண்டு, ஏற்றிவிடலாம். சைக்கிளுக்கு அது இல்லை. வழியிலே நிற்பவன் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். தாகம் எடுத்தால் அடுத்த வீட்டுப் படலையிலே நிற்க வேண்டும். ரியூப் ஒட்டும்போது ஊர்ச் சிறுவர் எல்லாரும் சூழ்ந்து நின்று யோசனை சொல்வார்கள். பொழுதுபட்டால் யாருடைய கூரையாவது வேண்டும். தனியே போகிறவருக்கு இது இரட்டிப்பு. இருவராகப் போனால் தம்முள் பேசிக்கொள்ளலாம்; ஒருவர் வண்டியைப் பார்க்க மற்றவர் தண்ணீருக்குப் போகலாம். தனியே போகிறவருக்குத் துணை அந்த ஊராரே.

கணக்கு ஒன்று சொல்கிறோம். 1963 ஜனவரியிற் புறப்பட்ட மர்ஃபி ஜூலை மாதத்தில் டில்லியை அடைந்தார். ஆறு மாதத்துக்கு அவருக்குச் செலவானது 64 பவுண் 7 சிலிங் 10 பென்ஸ். சிக்கனம் என்று இதனை மெச்சுவோர் உண்டு. நாமும் முதலிலே அப்படித்தான் மெச்சினோம். பிறகு யோசித்தால், ஆறு மாதத்துச் சோறும் படுக்கையும் 64 பவுணுக்கு எங்கும் கிடையா. மிகுதியைக் கொடுத்தவர் யார்? தேநீர்ச்சாலையின் தரையிலே கம்பளம் விரித்துக் கொடுத்தவன். அப்பத்தைப் பிய்த்து நீட்டியவன். பச்சைத் தேநீருக்குக் காசு வாங்க மறுத்தவன். தனி ஒருவராய் உலகத்தைச் சுற்றினார் என்று அட்டையிலே அச்சிடலாம். உள்ளே பார்த்தால் அவரைப்போல் பலர் தயவிலே வாழ்ந்தவர் வேறு யாரும் இல்லை.

பஷ்தூன் மக்களிடையே எழுதப்படாத சட்டம் ஒன்றுண்டு. பஷ்தூன்வாலி என்பர். அதிலே மெல்மஸ்தியா என்பது விருந்தோம்பல். வந்தவன் யார், எந்த மதத்தவன், திரும்ப ஏதாவது தருவானா என்று பாராமல் உணவும் இடமும் பாதுகாப்பும் கொடுக்க வேண்டும். எம் மொழியிலும் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். முன் அறியாதவன் வந்தால்தான் விருந்து. உறவினர் வந்தால் அது வேறு. மிஷன் பாடசாலையிலே எமக்குச் சொல்லித் தந்த நல்ல சமாரியன் கதையிலும் வழியிலே கிடந்தவனும் தூக்கியவனும் ஒருவரையொருவர் அறியார்.

இவற்றையெல்லாம் எம் அம்மம்மாவுக்கு ஒரு நாள் இரவு விரிவாகச் சொன்னோம். அம்மம்மா 1950ஆம் ஆண்டிற் பிறந்தவர். அவருடைய இளமையிலே அவர் இருந்த ஒழுங்கையில் பெண்பிள்ளைகள் சைக்கிளைத் தொட்டாலே அயலார் கதைப்பார்களாம். பிறகு 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் நின்றபோது, நாற்பதாவது வயதிலே, தாத்தாவின் பெரிய சைக்கிளைக் கோயில் வீதியில் உருட்டிப் பழகினார். முழங்காலிலே அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. முழுவதையும் கேட்டு முடித்த அம்மம்மா கேட்டது ஒரே கேள்வி:

"அந்த வெள்ளைக்காரி ஓடினது சரி பிள்ளை. அந்த ஊர்ப் பெட்டையள் ஓடினவையோ?"

எமக்குப் பதில் தெரியவில்லை. புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தோம்.

முன்பு சிரித்துக்கொண்டு படித்த ஒரு செய்தி அப்போது வேறுவிதமாய்த் தெரிந்தது. கட்டையாக வெட்டிய தலைமயிரோடு, காற்சட்டை அணிந்து, தனியே வந்த மர்ஃபியைக் கிழக்கு நாடுகளிலே பலர் ஆண் என்றே எண்ணினார்கள். ஒரு பெண் இப்படித் தனியே வருவாள் என்று அவர்களால் நினைக்க முடியவில்லை. ஆகவே ஆண்கள் கூடும் தேநீர்ச்சாலையிலே அவருக்கு இடம் கிடைத்தது. பெண் என்று தெரிந்த இடத்திலும் அவர் அயலூரார், விருந்தாளி. விருந்தாளிக்கு வீட்டுச் சட்டம் இல்லை. அவர் கண்ட தேநீர்ச்சாலைகளில் அந்நாட்டுப் பெண்கள் இருந்ததாக எமக்கு நினைவில்லை. 1959இல் அரச குடும்பத்துப் பெண்கள் பொது விழாவிலே முகத்திரை இன்றித் தோன்றியது அந்நாட்டிலே பெருஞ்செய்தி. காபூலிலே பல்கலைக்கழகத்துக்குப் போகும் பெண்கள் சிலர் இருந்தார்கள். ஆனால் கிராமத்து வீதியிலே சைக்கிள் மிதிக்கும் பெண்ணைத் தேடினால், 1963இல் அங்கே ஒருத்திதான் இருந்திருப்பாள். அவளும் லிஸ்மோரிலிருந்து வந்தவள்.

அம்மம்மாவின் கேள்விக்குப் பதில் தேடியதிலே நாம் பாமியானுக்குப் போய்ச் சேர்ந்தோம். காலால் அன்று, படித்துத்தான். இந்துகுஷ் மலைகளின் நடுவே உள்ள பள்ளத்தாக்கு அது. மலைச்சுவரிலே செதுக்கிய இரு பெரும் புத்தர் சிலைகள் அங்கே நின்றன. ஒன்று ஏறக்குறைய 55 மீற்றர் உயரம். மற்றது 38 மீற்றர். மர்ஃபி அவ்வழியே போனபோது இரண்டும் நின்றன. 2001 மார்ச்சிலே தலிபான்கள் அவற்றை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது மலையிலே இரண்டு வெறுங்குடைவுகள் மாத்திரம் உண்டு. 1979இல் ருஷியப் படை புகுந்தது முதல் அந்நாடு பட்டவற்றை நாம் விரித்துரைக்கப் போவதில்லை. எமது மக்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

2001இல் அந்த ஆட்சி வீழ்ந்த பின்னர், காபூலிலும் அதே பாமியானிலும் பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓடத் தொடங்கினார்கள். அந்நாட்டுக்கெனப் பெண்கள் சைக்கிள் அணி ஒன்றும் அமைந்தது. அவர்களுக்கு மெல்மஸ்தியா கிடைக்கவில்லை. மசோமா அலி சாதா என்னும் பெண்ணும் அவருடைய தோழியரும் காபூல் வீதிகளிலே பயிற்சிக்குப் போனபோது கல்லெறியும் வசையும் வாங்கினார்கள். அயலூர்ப் பெண்ணுக்கு அப்பம் நீட்டிய சமுதாயமே தன் வீட்டுப் பெண் அதே வண்டியில் ஏறியபோது கல்லை எடுத்தது. இதனைச் சொல்லும்போது எமக்கு அவர்களைப் பழிக்கும் உரிமை இல்லை என்பதும் தெரியும். அம்மம்மாவின் ஒழுங்கையிலே கல் எறியவில்லை, கதைதான் எறிந்தார்கள். மசோமா 2017இல் பிரான்சிலே புகலிடம் பெற்றார். 2021 ஜூலையில் தோக்கியோ ஒலிம்பிக் விழாவிலே அகதிகள் அணியின் சார்பில் ஓடினார். நேரங்குறித்த ஓட்டத்திலே இருபத்தைந்து பேரில் இருபத்தைந்தாவதாக வந்தார். கடைசியாக வந்ததை இவ்வளவு பெருமையோடு நாம் வேறெங்கும் சொன்னதில்லை.

பரியாப் மாகாணத்தைச் சேர்ந்த பரீபா ஹாசிமி, யுல்துஸ் ஹாசிமி என்னும் சகோதரிகள் முதல் ஓட்டப் பந்தயத்திலே பெயரை மாற்றி, முகம் தெரியாதபடி மூடிக்கொண்டு, வீட்டுக்குச் சொல்லாமல் ஓடியவர்கள். 2021 ஓகஸ்ட் 15இல் காபூல் மறுபடி தலிபான்கள் கையிலே வீழ்ந்தது. சைக்கிள் ஓடிய பெண்கள் பலர் நாட்டைவிட்டு ஓடவேண்டியதாயிற்று. இச்சகோதரிகள் இத்தாலிக்குப் போனார்கள். 2022 ஒக்டோபரிலே ஆப்கானியப் பெண்களுக்கான தேசிய சைக்கிள் ஓட்டப் போட்டி நடந்தது. எங்கே என்று எண்ணுகிறீர்கள்? சுவிற்சர்லாந்திலே, ஏக்ல் என்னும் ஊரில். தம் தேசத்துச் சம்பியன் யார் என்பதை அந்நியர் மலையடிவாரத்திலே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அக்காள் தங்கையர் இருவருமே முதல் இரண்டு இடங்களையும் பெற்றார்கள், பரீபா முதலாவது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலே இருவரும் ஆப்கானிஸ்தானின் பெயராலேயே வீதியோட்டத்திற் கலந்துகொண்டார்கள். காபூலில் இருந்த ஆட்சி அவர்களைத் தன்னவராக ஏற்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021இன் பின்னரும் பிறநாட்டுச் சைக்கிள் யாத்திரிகர் ஆப்கானிஸ்தானுக்குப் போய் வந்திருக்கிறார்கள். பெண்களும் அவர்களுள் உண்டு. அவர்களுக்குத் தேநீர் கிடைக்கிறது. கம்பளம் விரிக்கிறார்கள். மர்ஃபி எழுதியவை எல்லாம் பொய்யல்ல என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அந்நாட்டுப் பெண்பிள்ளைகளுக்கு 2021 செப்ரெம்பரிலே இடைநிலைப் பாடசாலை மூடப்பட்டது. 2022 டிசம்பரிலே பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. அன்று பல்கலைக்கழக வாயிலிலே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எம் வயதினர். நாம் இங்கே பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலே, விரிவுரைக்குப் பிந்திவிட்டோம் என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறோம். மர்ஃபியைப் படித்த நாளிலே நாமும் ஒரு நாள் அந்த வழியே போவோம் என்று தேசப்படத்திற் பென்சிலாற் கோடு போட்டு வைத்தோம். கோடு இன்னும் இருக்கிறது. போனால் எமக்குத் தேநீர் கிடைக்கும் என்பதும் தெரியும். அந்தத் தேநீரை எப்படிக் குடிப்பது என்பதுதான் தெரியவில்லை.

டேர்வ்லா மர்ஃபி டில்லியை அடைந்தபின் திபெத்திய அகதிக் குழந்தைகளிடையே பணி செய்தார். மேலும் பல நாடுகளைச் சுற்றிப் பல நூல்கள் எழுதினார். 2022 மே மாதத்தில், தொண்ணூறாவது வயதிலே, பிறந்த ஊராகிய லிஸ்மோரிலேயே காலமானார்.

தேடியதையெல்லாம் தொகுத்துக்கொண்டு போய் அம்மம்மாவுக்குச் சொன்னோம். ஓடினார்கள், பிறகு ஓட முடியாமற் போயிற்று, நாட்டைவிட்டுப் போனார்கள் என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு,

"அப்ப அந்தப் பிள்ளையள்ரை சைக்கிளுகள்?" என்றார்.

"விட்டிட்டுத்தான் போயிருப்பினம் அம்மம்மா. பிளேனிலை எப்பிடிக் கொண்டு போறது?"

"நாங்கள் தொண்ணூற்றைஞ்சிலை வெளிக்கிடேக்கை சைக்கிளைத்தான் முதல் எடுத்தது. முன்னுக்கு உன்ரை அம்மா, பின்னுக்கு அரிசி மூட்டை. ஓட ஏலாது, சனம். சாவகச்சேரி மட்டும் உருட்டிக்கொண்டுதான் போனனான்."

இவ்வளவுதான் நாம் சொல்ல வந்தது.